ஒரு கிராம் எதிர்ப்பொருளும் பத்து மீட்டர் கடலும்

மண்டபத்துக்கு வடக்கே, எங்கள் மீனவர்கள் வடகடல் என்று அழைக்கும் பாக் விரிகுடாவில், விரல் நகத்தளவே உள்ள ஒரு குப்பி உடைகிறது. அதற்குள் இருந்த ஒரு கிராம் எதிர்ப்பொருள் கடல்நீரைத் தொட்டதும், ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் கொண்ட கடற்பரப்பு அடிமணல் தெரியும்வரை ஆவியாகிவிடுகிறது. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இராமநாதபுரம் நகரத்தில் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்குகின்றன. கதையைச் சொல்லும் இளைஞனோ பாம்பன் சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி, பத்து கிலோமீட்டர் தொலைவிலிருந்து இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். எங்கள் வாசகர் வட்டத்துக்குக் கல்லூரி மாணவர் ஒருவர் எழுதிக்கொண்டுவந்த அறிவியல் புனைகதையின் உச்சக்கட்டம் இது. கதை விறுவிறுப்பாகவே இருந்தது. ஆனால் அந்த ஒரு கிராமால் இத்தனையும் நடக்குமா என்ற கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. விடை தேடியபோது, புனைவில் வரும் எதிர்ப்பொருள் ஆயுதங்களின் ஆற்றலை மதிப்பிடுவதில் பெருக்கல் கணக்குதான் மிக எளிய பகுதி என்பதும், உண்மையான சிக்கல் அதற்குப் பிறகே தொடங்குகிறது என்பதும் தெளிவாயிற்று.

முதலில் அந்தப் பெருக்கலை முடித்துவிடலாம். எதிர்ப்பொருள் என்பது சாதாரணத் துகள்களின் அதே நிறையும் நேர்மாறான மின்னேற்றமும் கொண்ட துகள்களால் ஆனது. எலக்ட்ரானுக்கு நேர்மின்னேற்றம் கொண்ட இப்படியோர் இணை, பாசிட்ரான், இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு இயற்பியலாளர் டிராக் தம் 1928-ஆம் ஆண்டுச் சமன்பாட்டின் வழியாக வந்து சேர்ந்தார். அந்தப் பாசிட்ரானை 1932-இல் ஆண்டர்சன் கண்டுபிடித்தார். புரோட்டானின் இணையான எதிர்ப்புரோட்டான் 1955-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் கிடைத்தது. பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டின் நிறையும் முழுவதுமாக வேறு துகள்களாகவும் ஆற்றலாகவும் மாறுகின்றன; இதுவே இணையழிவு. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி ஒரு கிராம் நிறை 90 இலட்சம் கோடி ஜூல் ஆற்றலுக்குச் சமம். இங்கே கதாசிரியர்கள் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள்: எதிர்ப்பொருளின் நிறையை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதோடு சேர்ந்து அழியும் அதே அளவு சாதாரணப் பொருளை மறந்துவிடுகிறார்கள். ஒரு கிராம் எதிர்ப்பொருள் அழியும்போது ஒரு கிராம் கடல்நீரும் கூடவே அழிகிறது. ஆகவே வெளிப்படுவது 180 இலட்சம் கோடி ஜூல். ஒரு கிலோடன், அதாவது ஆயிரம் டன், டி.என்.டி. வெடிமருந்து என்பது 4.184 இலட்சம் கோடி ஜூல் என்று வரையறுக்கப்பட்டிருப்பதால், ஒரு கிராமுக்குரிய வெடிப்பளவு 43 கிலோடன். ஹிரோஷிமாவில் வீசப்பட்ட குண்டு ஏறத்தாழ 15 கிலோடன்; அதிலிருந்த 64 கிலோ யுரேனியத்தில் ஆற்றலாக மாறிய நிறை ஒரு கிராமைக்கூட எட்டவில்லை, சுமார் 0.7 கிராம்தான். புனைவுகளில் அடிக்கடி வரும் ஒன்றரைக் கிலோ எதிர்ப்பொருள் ஏவுகணையை இதே முறையில் கணக்கிட்டால் 64 மெகாடன் வரும்; ஒரு மெகாடன் ஆயிரம் கிலோடன். 1961 அக்டோபர் 30-இல் சோவியத் ஒன்றியம் நோவாயா செம்லியாவில் வெடித்துப் பார்த்த, மனிதர் இதுவரை வெடித்தவற்றில் மிகப் பெரிய குண்டின் அளவு 50 மெகாடன்.

இந்த எண்களைக் கேட்டதும் தலை சுற்றுவது இயல்பு. ஆனால் மின்கட்டண அட்டையில் நாம் பார்க்கும் யூனிட்டுக்கு மாற்றிப் பார்த்தால் மயக்கம் சற்றுத் தெளியும். ஒரு யூனிட் 36 இலட்சம் ஜூல். ஆக ஒரு கிராம் எதிர்ப்பொருளின் இணையழிவில் வருவது 5 கோடி யூனிட். கமுதியில் 2016-இல் செயல்பாட்டுக்கு வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம், இரவும் மேகமும் இல்லாமல் முழுத் திறனோடு ஓடுவதாக வைத்துக்கொண்டால், 77 மணி நேரத்தில் அந்த அளவு மின்சாரத்தைத் தந்துவிடும். வெயில் வந்துபோகும் நடைமுறையில் அரை மாதம் ஆகலாம்.

வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களை எடுத்துக்கொண்டால் ஒப்பீடு இன்னும் கூர்மையாகிறது. எங்கள் கடற்கரையில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக ஐந்தரை யூனிட் அளவுக்கு வெயில் விழுகிறது என்று கொள்ளலாம். அப்படியானால் ஒரு சதுர கிலோமீட்டர் உப்பளத்தின் மேல் நாளொன்றுக்கு விழுவது 55 இலட்சம் யூனிட். கிலோடன் கணக்கில் 4.7. மூன்றே கால் நாளில் ஒரு ஹிரோஷிமாவும், ஒன்பது நாளில் ஒரு கிராம் எதிர்ப்பொருளும் அந்தப் பாத்திகளின் மேல் சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். அதன் விளைவு, அதிகம் போனால் ஏழு சென்டிமீட்டர் தண்ணீர் வற்றுவது. வரப்பில் நின்று உப்பு வாருகிறவர்களுக்கு முதுகு காய்கிறது, அவ்வளவே.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இதே மாவட்டத்தில் உண்டு. சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரியில் கிலோவுக்கு ஏறத்தாழ 3 கோடி ஜூல் ஆற்றல் இருக்கிறது. டி.என்.டி. வெடிமருந்தில் இருப்பதோ கிலோவுக்கு 42 இலட்சம் ஜூல்தான். எடைக்கு எடை பார்த்தால் அடுப்புக்கரி வெடிமருந்தைவிட ஏழு மடங்கு ஆற்றல் கொண்டது. ஆயினும் கரி மூட்டையை யாரும் ஆயுதமாகக் கருதுவதில்லை. ஏனென்றால் கரி காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி மெல்ல எரிகிறது, வெடிமருந்தோ தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன் மூலக்கூறிலேயே வைத்துக்கொண்டு, நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் எரிந்து முடிகிறது. ஆற்றலின் மொத்த அளவைச் சொல்வதால் மட்டும் ஓர் ஆயுதத்தைப் பற்றி எதுவும் சொன்னதாகாது. அந்த ஆற்றல் எவ்வளவு நேரத்தில், எவ்வளவு இடத்துக்குள், எந்தப் பொருளில் இறங்குகிறது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அழிவு எது என்று தெரியும். சராசரிச் சூறாவளி ஒன்றின் காற்று 1.5 இலட்சம் கோடி வாட் திறனோடு வீசுகிறது என்பது அமெரிக்க வளிமண்டல, கடலியல் ஆய்வு அமைப்பின் மதிப்பீடு. அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு கிராம் எதிர்ப்பொருள் வீதம். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்த புயலையும் இந்த வகையில் வைத்துப் பார்க்கலாம். அது பல மணி நேரம் பரந்த கடல்மேல் வீசிய காற்று. ஊரை அழித்தது அதன் மொத்த ஆற்றலில் கரைக்கு வந்து சேர்ந்த மிகச் சிறு பகுதியே.

இனி, கதையின் முதல் கூற்றுக்கு வருவோம். ஒரு கிலோ கடல்நீரை அதன் இயல்பான 28 பாகை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோய் முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 25 இலட்சம் ஜூல் வேண்டும். ஒரு கிராம் எதிர்ப்பொருளின் ஆற்றல் முழுவதையும், ஒரு துளியும் வீணாகாமல், ஆவியாக்குவதற்கே செலவிட்டாலும் 72,000 டன் நீரைத்தான் ஆவியாக்க முடியும். வடகடல் ஆழம் குறைந்த கடல். பத்து மீட்டர் ஆழம் என்று வைத்தால், வற்றிப்போகும் பரப்பு ஒன்றே முக்கால் ஏக்கர். மாணவர் எழுதியதுபோல ஒரு சதுர கிலோமீட்டர் வற்ற வேண்டுமென்றால் 140 கிராம் எதிர்ப்பொருள் தேவை. வெடிப்பளவில் 6 மெகாடன். கதை 140 மடங்கு மிகைப்படுத்தியிருக்கிறது. இதற்காக மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீரை ஆவியாக்குவது எவ்வளவு செலவு பிடிக்கும் வேலை என்பதை, சோறு வடிக்கும் நமக்குத் தினமும் தெரிந்தும், கடல் என்று வந்துவிட்டால் எல்லோருமே மறந்துவிடுகிறோம்.

வாசகர் வட்டத்தில் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, மாணவரின் தாய்மாமன், நாட்டுப்படகு வைத்திருப்பவர், பின்வரிசையிலிருந்து கேட்டார்: “எல்லாஞ் சரிதான் மாப்ள, எத்தன பாகத்துல வெடிச்சுச்சுன்னு எழுதலையே? மேல வெடிச்சா ஒன்னு, அடியில வெடிச்சா ஒன்னுல்ல?” பாகம் என்பது கடலாழத்தை அளக்க மீனவர்கள் பயன்படுத்தும் அளவு, இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம். வெடித் தோட்டா போட்டு மீன் பிடிப்பது தடை செய்யப்பட்ட கடற்பகுதியில் வாழ்கிறவருக்கு, ஒரே தோட்டா காற்றில் ஒரு மாதிரியும் நீரில் வேறு மாதிரியும் வேலை செய்யும் என்பது அனுபவம். எதிர்ப்பொருளைப் பொறுத்தவரை அவருடைய கேள்வி அவர் நினைத்ததைவிடவும் பொருத்தமானது. இணையழிவில் பிறக்கும் துகள்கள் எவை, அவை எவ்வளவு தூரம் போகின்றன என்று பார்த்தால் அது புரியும்.

புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் அழியும்போது நேரடியாக ஒளிப்பிழம்பு தோன்றுவதில்லை. சராசரியாக, பையான்கள் எனப்படும் குறுகிய ஆயுள் கொண்ட ஐந்து துகள்கள் பிறக்கின்றன; அவற்றில் ஏறத்தாழ மூன்று மின்னேற்றம் கொண்டவை, இரண்டு மின்னேற்றம் அற்றவை. மின்னேற்றம் அற்ற பையான், பிறந்த இடத்தை விட்டு நகரும் முன்பே, இரண்டு வலிமையான காமா கதிர்களாக மாறிவிடுகிறது. மொத்த ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தக் காமா கதிர்களில் இருக்கிறது. மின்னேற்றம் கொண்ட பையான் ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகத்தில் பறந்து, சராசரியாக இருபது மீட்டர் போவதற்குள் எலக்ட்ரானைப் போன்றதும் அதைவிடக் கனமானதுமான ஒரு மியூவானாகவும் ஒரு நியூட்ரினோவாகவும் சிதைகிறது. மியூவானும் பின்னர் ஓர் எலக்ட்ரானையோ பாசிட்ரானையோ, அதோடு இரண்டு நியூட்ரினோக்களையும் தந்துவிட்டு மறைகிறது. நியூட்ரினோ எதிலும் சிக்காது. பூமியையே ஊடுருவி மறுபக்கம் போய்விடும். குறுக்கே எந்தப் பொருளும் இல்லாத வெற்றிடத்தில் இந்தச் சிதைவுகள் முழுமையாக நடந்தால், வெளிப்பட்ட ஆற்றலில் கிட்டத்தட்ட பாதியை நியூட்ரினோக்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. விண்வெளிப் போரில் எதிரிக் கப்பலுக்குச் சற்றுத் தள்ளி எதிர்ப்பொருளை வெடிக்கச் செய்யும் காட்சிகளை எழுதுகிறவர்கள் இந்தப் பாதியைத் தொடக்கத்திலேயே கழித்துவிட வேண்டும்.

காற்றிலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. கடல்மட்டக் காற்றில் இத்தகைய காமா கதிரின் ஆற்றல் இறங்கத் தொடங்கவே ஏறத்தாழ 300 மீட்டர் ஆகிறது. ஆகவே அந்த மூன்றில் ஒரு பங்கு ஆற்றல், அதாவது 60 இலட்சம் கோடி ஜூல், குறைந்தது 300 மீட்டர் ஆரமுள்ள காற்றுக் கோளத்தில் பரவுகிறது. அந்தக் கோளத்தில் இருக்கும் காற்றின் எடை 13 கோடிக் கிலோவுக்கு மேல். பங்கிட்டுப் பார்த்தால் ஒரு கிலோ காற்றுக்கு நாலரை இலட்சம் ஜூலுக்கும் குறைவு. வெப்பநிலை சராசரியாக 600 பாகை உயரும். நடுப்பகுதி இதைவிடச் சூடாகவும் ஓரங்கள் குளிர்ந்தும் இருக்கும் என்றாலும், இது அணுகுண்டின் தீப்பிழம்பு அல்ல. அணுகுண்டில் வெளிப்படும் எக்ஸ் கதிர்களைச் சில மீட்டர் காற்றே விழுங்கிவிடுவதால்தான் அந்தச் சிறு இடம் பல்லாயிரம் பாகைக்கு மேல் கொதித்து, காற்றைத் தள்ளிக்கொண்டு அதிர்ச்சி அலையாகப் பாய்கிறது. எதிர்ப்பொருள் திறந்த காற்றில் அழிந்தால் பலத்த கதிரியக்க வீச்சும் சூடான காற்றின் பெருமூச்சும் கிடைக்கும். அதே கிலோடன் கணக்குக்குரிய அதிர்ச்சி அலை கிடைக்காது. உண்மையான ஆயுதமாக ஆக்க வேண்டுமானால் அதைச் சுற்றி டங்ஸ்டன் போன்ற அடர்த்தியான உலோகத்தில் கனமான உறை போட்டு, காமா கதிர்களை அதற்குள் பிடித்தாக வேண்டும். அப்படிச் செய்தால் விரல் நகத்தளவு குப்பி என்ற கவர்ச்சி போய்விடும்.

நீரில் கதை வேறு. காமா கதிர்களுக்குக் காற்றில் 300 மீட்டர் செய்யும் வேலையை நீரில் 36 சென்டிமீட்டர் செய்துவிடுகிறது. மின்னேற்றம் கொண்ட பையான்களும் சிதைவதற்கு முன்பே ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் வேகத்தை இழந்து நின்றுவிடுகின்றன; அவற்றின் இயக்க ஆற்றல் முழுவதும் நீருக்கே போகிறது. நியூட்ரினோக்களால் ஏற்படும் இழப்பு குறைந்து, மொத்த ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு மூன்று மீட்டர் ஆரத்துக்குள் தங்கிவிடுகிறது என்பது என் கணக்கு. அந்த மூன்று மீட்டர் கோளத்தில் இருக்கும் நீர் 110 டன்னைச் சற்றுத் தாண்டும். ஒவ்வொரு கிலோ நீருக்கும் 120 கோடி ஜூல். ஆவியாகத் தேவையானதைப் போல் 480 மடங்கு. அந்த நீர் நீராக இருக்காது, ஆவியாகவும் இருக்காது. அயனிகளாகக் கிழிந்த பிழம்பாகி, சுற்றியுள்ள கடலைப் பயங்கர அழுத்தத்தோடு உந்தும். ஆகவே அதே ஒரு கிராம், அரிச்சல்முனை மணலுக்கு மேலே காற்றில் அழிந்தால் ஒரு வகை ஆயுதம்; ஐந்து பாகம் ஆழத்தில் அழிந்தால் முற்றிலும் வேறு வகை ஆயுதம். எடையை மட்டும் எழுதிவிட்டு ஆழத்தை எழுதாத கதையில் பாதித் தகவல்தான் இருக்கிறது. தாய்மாமன் கேட்டது அதைத்தான்.

பாசிட்ரான்களை மட்டுமே கொண்ட ஆயுதம் என்றால் கணக்கு சற்று எளிது. பாசிட்ரானும் எலக்ட்ரானும் அழிந்தால் பெரும்பாலும் இரண்டு காமா கதிர்கள் மட்டுமே வரும், நியூட்ரினோ இழப்பு கிடையாது. ஒவ்வொன்றும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) கொண்ட இந்தக் கதிர்களைத்தான் மருத்துவமனைகளில் பெட் ஸ்கேன் கருவி பிடிக்கிறது. காற்றில் இவை சராசரியாகத் தொண்ணூறு மீட்டருக்கு மேல் சென்றும், நீரில் பத்து சென்டிமீட்டரிலும் முதல் மோதலைச் சந்திக்கின்றன.

முழு எதிர்ப்பொருளும் ஒரே கணத்தில் அழிந்துவிடும் என்று எடுத்துக்கொள்வதும் கேள்விக்குரியதே. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீரைத் தெளித்தால் துளிகள் உடனே ஆவியாகாமல் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்போம். அடியில் உருவாகும் ஆவிப்படலம் துளியைக் கல்லிலிருந்து தூக்கிப் பிடிக்கிறது. எதிர்ப்பொருள் கட்டி ஒன்று நீரைத் தொடும்போதும், தொட்ட பரப்பில் நடக்கும் இணையழிவு நீரையும் கட்டியையும் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிவிடும். கட்டி சிதறும், சிதறல்கள் மீண்டும் நீரில் மோதும், மீண்டும் தள்ளப்படும். நீருக்கடியில் எந்தப் பக்கம் ஓடினாலும் நீர்தான் என்பதால் இறுதியில் எல்லாம் அழியும். ஆனால் ஒரே இடி என்பதற்குப் பதிலாக அடுத்தடுத்த வெடிப்புகளாக அது நிகழக்கூடும். கரிக்கும் வெடிமருந்துக்கும் இடையே பார்த்த அதே கால வேறுபாடு இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. அணுகுண்டை வடிவமைத்தவர்கள் பெரும் உழைப்பைச் செலவிட்டது, வெடிப்பு தன்னைத்தானே சிதறடித்துக்கொள்ளும் முன் போதுமான அளவு வினையை முடித்துவிடும் வழியைக் கண்டறிவதில்தான். புனைவு ஆயுதங்களை எழுதுகிறவர்கள் எவரும் இதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இதுவரை எடையிலிருந்து விளைவை நோக்கிப் போனோம். கதைகளை ஆராய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் எதிர்த் திசைப் பயணம் தேவைப்படுகிறது: எடை சொல்லப்படுவதில்லை, விளைவு மட்டுமே வருணிக்கப்படுகிறது, அதிலிருந்து ஆற்றலை ஊகிக்க வேண்டும். இதற்கு உண்மை வரலாற்றிலேயே முன்மாதிரிகள் உண்டு. 1945 ஜூலையில் நியூ மெக்சிகோவில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையின்போது, 16 கிலோமீட்டர் தள்ளி நின்ற என்ரிகோ ஃபெர்மி, அதிர்ச்சி அலை வந்த நேரத்தில் கையிலிருந்த காகிதத் துண்டுகளை விழவிட்டு, அவை இரண்டரை மீட்டர் நகர்ந்ததைக் கொண்டு 10 கிலோடன் என்று மதிப்பிட்டார். அதே வெடிப்பின் படங்கள் வெளியிடப்பட்ட பிறகு, பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர், தீப்பிழம்பின் ஆரமும் நேரமும் எப்படித் தொடர்புபடுகின்றன என்பதிலிருந்தே ஆற்றலைக் கணித்து 1950-இல் வெளியிட்டார். அவருடைய முறையின் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம்: காற்றின் அடர்த்தியை ஆரத்தின் ஐந்தாம் அடுக்கால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஆற்றல் கிடைக்கும். 0.025 நொடியில் ஏறத்தாழ 140 மீட்டர் என்ற அளவை அதில் இட்டால் 25 கிலோடன் வருகிறது. 2021-இல் கதிரியக்க எச்சங்களைக் கொண்டு செய்யப்பட்ட மறு ஆய்வு தந்த விடையும் 25 கிலோடனை ஒட்டியதே. ஒரு கதையில் “ஒரு நொடிக்குள் தீப்பிழம்பு ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்கு விரிந்தது” என்று இருந்தால், அதே முறையில் ஏறத்தாழ 290 கிலோடன், சுமார் ஏழு கிராம் எதிர்ப்பொருள் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அந்த ஐந்தாம் அடுக்கைக் கவனிக்க வேண்டும். ஆரத்தை இருமடங்காக எழுதிவிட்டால் ஆற்றல் 32 மடங்காகிவிடும். கட்டடங்கள் இடியும் தொலைவைக் கொண்டு கணக்கிட்டால் உறவு மூன்றாம் அடுக்கில் இருக்கும்: தொலைவு இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. எடையிலிருந்து தொலைவுக்குப் போகும்போது இதே விதி நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. நியூட்ரினோக்கள் பாதியைத் தின்றுவிட்டாலும் அழிவின் ஆரம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். திரும்பி வரும்போதோ, கதாசிரியரின் பேனா சற்றே வழுக்கினாலும் மதிப்பீடு எங்கோ போய்விடுகிறது. ஆகவே ஒரு வருணனையிலிருந்து ஒரே எண்ணைப் பெற முயல்வது வீண். கதையில் நடந்தது நடப்பதற்குக் குறைந்தது எவ்வளவு வேண்டும், நடக்காதது நடக்காமல் இருப்பதற்கு அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்ற இரண்டு எல்லைகளைத் தேடுவதே நேர்மையான வழி. இரண்டாவது எல்லையைப் பலர் தேடுவதேயில்லை. ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போவதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது போலும்.

மாணவரின் கதைக்கே இதைப் பொருத்திப் பார்க்கலாம். கடல் வற்றியதற்கு 6 மெகாடன். இராமநாதபுரத்தின் கண்ணாடிகளுக்கு வேறு கணக்கு: காற்றில் வெடிக்கும் 1 மெகாடன் குண்டால் ஜன்னல் கண்ணாடிகள் பரவலாக உடையும் தொலைவு 19 கிலோமீட்டரைச் சுற்றி இருக்கும், 35 கிலோமீட்டருக்கு மூன்றாம் அடுக்கு விதிப்படி இன்னொரு 6 மெகாடன் வேண்டும். ஒரே ஆற்றல் நீரை ஆவியாக்கிக்கொண்டே காற்றில் அலையாகவும் போக முடியாது என்பதால் இரண்டையும் கூட்ட வேண்டும்: 12 மெகாடன், அதாவது 280 கிராம். நியூட்ரினோக்கள் கொண்டுபோகும் கால் பங்கையும் ஈடுசெய்தால் குறைந்தது 370 கிராம். இது கீழ் எல்லை. மேல் எல்லையைத் தருகிறவன் பாலத்தில் சாய்ந்து நிற்கும் இளைஞன். பத்து கிலோமீட்டரில் அவன் கண்ணாடி உடையும் அளவுக்கு மேல் எதையும் உணராமல் இருக்க வேண்டுமானால் காற்றுக்குப் போன ஆற்றல் 150 கிலோடனைத் தாண்டியிருக்கக் கூடாது. கீழ் எல்லை மேல் எல்லையைவிட எண்பது மடங்கு பெரிது. இராமநாதபுரத்தில் கண்ணாடியை உடைக்கும் 6 மெகாடன் காற்றலை பாம்பனில் கட்டடங்களையே சாய்த்துவிடும். வெப்ப வீச்சு அதற்கு முன்பே வந்துவிடும். கதைசொல்லி கதை சொல்ல இருக்க மாட்டான். எடையை எவ்வளவு மாற்றினாலும் இந்த முரண் தீராது, ஏனென்றால் அது எடையில் இல்லை. அவன் நிற்கும் இடத்துக்கும் கண்ணாடி உடையும் ஊருக்கும் இடையிலான விகிதத்தில் இருக்கிறது.

இவ்வளவு எதிர்ப்பொருள் எங்கிருந்து வரும் என்பதை விரைவாகச் சொல்லி முடிக்கலாம். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகம் தன் வரலாறு முழுவதும் உருவாக்கிய எதிர்ப்பொருளைத் தாராளமாகக் கூட்டினாலும் 10 நானோகிராமை, அதாவது ஒரு கிராமில் பத்துக் கோடியில் ஒரு பங்கை, தாண்டாது. அது முழுவதும் அழிந்தால் வருவது அரை யூனிட் மின்சாரம். 1999-இல் நாசா தரப்பில் சொல்லப்பட்ட மதிப்பீட்டின்படி எதிர்ப்புரோட்டானும் பாசிட்ரானும் சேர்ந்த அணுவான எதிர் ஹைட்ரஜனின் விலை, ஒரு கிராமுக்கு, 62.5 இலட்சம் கோடி டாலர். செலவிடும் ஆற்றலில் நூறு கோடியில் ஒரு பங்குகூடத் திரும்பக் கிடைப்பதில்லை. கமுதி மின்நிலையத்தை இதற்கென்றே ஒதுக்கி முழுத் திறனில் ஓட்டினாலும் ஒரு கிராமுக்கு 88 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அடைத்து வைப்பது இன்னும் சுவையான சிக்கல். எதிர்ப்புரோட்டான்கள் மின்னேற்றம் கொண்டவை என்பதால் மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் பிடித்து வைக்கலாம்; செர்னில் சில எதிர்ப்புரோட்டான்களை ஓராண்டுக்கு மேலும் வைத்திருந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கிராம் எதிர்ப்புரோட்டான்களின் மொத்த மின்னேற்றம், அதன் அலகான கூலும் கணக்கில், 96,000. அவற்றை ஒரு மீட்டர் ஆரமுள்ள கோளத்துக்குள் நெருக்கிவைத்தால், ஒன்றையொன்று விலக்கும் விசையில் மட்டும் சேர்ந்திருக்கும் ஆற்றல், அவை அழியும்போது வரும் ஆற்றலைப் போல் 2 இலட்சம் மடங்குக்கு மேல். அந்தக் குப்பியில் வெடிகுண்டாக இருப்பது எதிர்ப்பொருளின் அழிவல்ல, அதன் மின்னேற்றமே. மின்னேற்றமற்ற எதிர் ஹைட்ரஜனாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். ஆனால் அதைக் காந்தத்தால் மிக லேசாகத்தான் பிடிக்க முடியும், அதுவும் தனிச்சுழி வெப்பநிலையை (மைனஸ் 273 பாகை) ஒட்டிய குளிரில். 2011-இல் சில நூறு அணுக்களைப் பிடித்து, அவற்றில் சிலவற்றை ஆயிரம் நொடிகள்வரை வைத்திருக்க முடிந்ததே அன்று பெரிய சாதனையாகக் கொண்டாடப்பட்டது.

மாணவர் இரண்டு வாரம் கழித்துத் திருத்திய படியைக் கொண்டுவந்தார். எடை 370 கிராமாக உயர்ந்திருந்தது, வெடிப்பு ஐந்து பாகம் ஆழத்துக்குப் போயிருந்தது, குப்பியைச் சுற்றிக் குளிர்பதன வசதியோடு ஒரு கொள்கலனே முளைத்திருந்தது. பாலத்தில் நின்ற இளைஞனை இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்கு மாற்றியிருந்தார். அங்கே அவன் பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருந்தான்; அந்தக் கண்ணாடியும் உடையும் என்பதைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக் கொடுத்தேன்.